விழுந்தாலும் ஓடினதாத்தான் கணக்கு

வா அந்துவா, உட்காரு. காலையில சபையில அத்தனை பேர் முன்னால நின்னு, ஊருக்குப் போகணும், உத்தரவு குடுங்கன்னு கேட்டியே, நான் பதில் சொல்லலைன்னு உனக்கு வருத்தம். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. சபையில வச்சு நான் என்னத்தைச் சொல்றது? அங்க நான் வாயைத் திறந்தா அது சட்டம். தும்மினாக்கூட ரெண்டு பேர் எழுதிக்கிறானுங்க. அதான் தனியாக் கூப்பிட்டேன். எண்ணெய் கொண்டாந்தியா? மிளகு போட்டுக் காய்ச்சினதுதானே? இடது முட்டி. அதை முதல்ல பிடிச்சுவிடு. கை பாட்டுக்கு வேலை செய்யட்டும், காது பாட்டுக்குக் கேக்கட்டும்.

வாசல்ல நிக்கிறானே காவல்காரன், அவனைப் பார்க்காதே. அவனுக்கு உன் தமிழ்ல ஒரு சொல்லுத் தெரியாது. இந்த எகிப்து அரண்மனையிலயே அது தெரிஞ்சவங்க நீயும் நானும்தான். என் தமிழைக் கேட்டா உங்க ஊர் ராஜா சிரிப்பார், இல்ல? எந்தத் துறையில மூட்டை தூக்கினவன்டா இவன்னு கேப்பார். நான் என்ன செய்ய, நீ கப்பல்காரங்ககிட்டப் பேசற தமிழைத்தானே எனக்குக் கத்துக்குடுத்தே. பரவாயில்லை. எங்க பாஷையில நான் பேசினா கல்லுல வெட்டி வச்சிடறாங்க. உன் பாஷையிலதான் மனுஷன் மாதிரி பேசறேன்.

மெதுவா. அங்கதான். ஆங்.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. உங்க ஊர்க் கப்பல் செங்கடல் துறைக்கு வந்திருக்கு. காத்து திரும்பறதுக்குள்ள கிளம்பியாகணும், விட்டா அப்புறம் எந்தக் கப்பல் எந்தக் காலத்துல வருமோ. உன் பொண்ணு, வெண்ணி, நீ கிளம்பும்போது தவழ்ந்துக்கிட்டு இருந்துச்சு, இப்போ மாப்பிள்ளை பார்த்தாச்சு. அப்பன் வந்து நிக்காம எனக்குக் கல்யாணம் வேண்டாம்னு ஒத்தைக் கால்ல நிக்குதாம். எல்லாம் தெரியும்யா. சேதி கொண்டுவந்த உங்க ஊர்க்காரன்கிட்ட நானே உட்கார்ந்து கேட்டேன்.

போகணும்ங்கறே. நியாயம். நான் அநியாயம்னு சொன்னேனா? மாட்டிக்கிட்டவன் படற பாடு எனக்குத் தெரியாதா? என்னை மாதிரி மாட்டிக்கிட்டவன் இந்த உலகத்துல எவன்யா இருக்கான்? கேளு. கேட்டுட்டு அப்புறம் நீயே சொல்லு.

எனக்கு ஏழு வயசு. அரண்மனைக்குப் பின்னால நாணல் குளம் இருக்குல்ல, அங்க வாத்துக்குத் தீனி போட்டுக்கிட்டு இருந்தேன். பழுப்பு வாத்து ஒண்ணு, கொஞ்சம் நொண்டும், அது என் கையிலயே வந்து தின்னும். அப்போ பெரிய மனுஷங்க பத்துப் பதினைஞ்சு பேர் ஓடி வந்தாங்க. வந்தவங்க என் முன்னால பொத்துப் பொத்துன்னு குப்புற விழுந்தாங்க. எனக்கு என்ன தெரியும்? ஏதோ மோதிரத்தைத் தொலைச்சுட்டுத் தேடறாங்க போலன்னு நானும் குனிஞ்சு புல்லுக்குள்ள தேடினேன். எங்கப்பா செத்துட்டார், நான்தான் இனிமே ராஜான்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அழக்கூட விடலை. பார்வோன் அழுதா ஆறு வத்திடுமாம். தூக்கிட்டுப் போயி தாடியைக் கட்டிவிட்டாங்க. ஏழு வயசுப் பயலுக்குத் தாடி! வாரு காதுக்குப் பின்னால உரசி உரசிப் புண்ணாகி, அந்தத் தழும்பு இப்பவும் இருக்கு, பாரு.

அன்னையிலேருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. பார்வோன்னா எங்க பாஷையில 'பெரிய வீடு'ன்னு அர்த்தம். மனுஷனைப் போயி வீடுங்கறானுங்க. உன்கிட்ட முதல் தடவை சொன்னப்போ நீ விழுந்து விழுந்து சிரிச்சே, அப்போ சின்ன வீடு எங்கன்னு கேட்டே. எனக்கு அன்னைக்குப் புரியலை, புரிஞ்சப்புறம் ஒரு வாரம் நினைச்சு நினைச்சுச் சிரிச்சேன். சபையில சிரிப்பு வந்துடுச்சு. ராஜா சிரிச்சா எல்லாரும் சிரிக்கணுமே, சிரிச்சானுங்க. ஒருத்தன் தூக்குத் தண்டனைக்கு நின்னுக்கிட்டு இருந்தான், அவனும் சிரிச்சான்.

காலையில நான் எழுந்து தூபம் காட்டினாத்தான் சூரியன் வரும்னு சொல்லித்தான் என்னை வளர்த்தாங்க. பத்து வயசுல எனக்கு இது நிஜமான்னு பார்க்கணும்னு தோணுச்சு. ஒருநாள் வயித்து வலின்னு படுத்துக்கிட்டேன். ஜன்னல் வழியாப் பார்க்கிறேன், சூரியன் ஜம்முன்னு வருது! எனக்கா, சந்தோஷம் தாங்கலை. ஓடிப்போயி மந்திரிகிட்ட, இப்போ மந்திரியா இருக்கானே ஹோரி, அவனோட அப்பன் அப்போ மந்திரி, அவர்கிட்ட, "பாருங்க, நான் எழுப்பலை, தானா வந்துடுச்சு"ன்னேன். அவர் அசரலை. "தூக்கத்துலயே எழுப்பிட்டீங்க பிரபு, உங்க சக்தி அப்படி"ன்னார். அதோட முடிஞ்சுது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு கதவை வச்சு அடைச்சிடுவானுங்க அந்துவா. கெட்டிக்காரனுங்க.

கல்யாணமும் அப்படித்தான். என் தங்கச்சியையே, வேற அம்மாவுக்குப் பொறந்தவ, நூபுவை, கட்டி வச்சாங்க. முதல்ல கேட்டப்போ நீ மூஞ்சியைச் சுளிச்சே. உங்க ஊர்ல மாமன் பொண்ணு, எங்க ஊர்ல தங்கச்சி, விடு. நல்லவ. அவ ஒருத்திதான் நாங்க தனியா இருக்கும்போது தாடியைக் கழட்டிவிடுவா. மேருவைப் பெத்துக் குடுத்துட்டு, அவனுக்குப் பல்லு முளைக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டா. அவளுக்குக் கல்லறை கட்டின கல்லைக் கொண்டுவரவே நாலாயிரம் பேர். என்ன பிரயோஜனம்? தாடியை இப்போ வேலைக்காரன்தான், என் மேல கை படாம, கழட்டறான்.

முட்டிக்குக் கீழ வேண்டாம், அங்க வலிக்கலை. மேல.

இப்ப கதைக்கு வரேன். எங்க ஊர்ல ஒரு வழக்கம். ராஜா பட்டத்துக்கு வந்து முப்பது வருஷம் ஆனா பெரிய திருவிழா. அதுல ராஜா ஓடணும். ஆமாய்யா, ஓடணும். இடுப்புல காளைமாட்டு வாலைக் கட்டிக்கிட்டு, கோயில் முத்தத்துல ரெண்டு பக்கமும் கல்லு நட்டிருப்பாங்க, அதைச் சுத்தி ஜனங்க பார்க்க ஓடணும். தேசம் பூராவையும் சுத்தி வந்ததுக்கு அது சமம். ஓடிட்டா உடம்புல தெம்பு இருக்கு, இன்னும் ஆளலாம்னு அர்த்தம். அப்புறம் மூணு வருஷத்துக்கு ஒருதரம் ஓடிக் காட்டணும். ஓட முடியலைன்னா? ரொம்பப் பழைய காலத்துல, ஓட முடியாத ராஜாவைக் கொன்னுடுவாங்கன்னு கேள்வி. இப்பதான் நாகரிகம் வந்தாச்சே, கொல்ல மாட்டாங்க, மகனுக்குப் பட்டத்தைக் கட்டிட்டு நம்மளைப் போடான்னு விட்டுடுவாங்கன்னு நான் கணக்குப் போட்டேன்.

என் கணக்கு என்ன தெரியுமா? விழுந்துடறது. அவ்வளவுதான். ஜனங்க பார்க்க, பூசாரிங்க பார்க்க, நடு முத்தத்துல விழுந்துடறது. அப்புறம் வடக்கே சதுப்பு நிலம் பக்கம் ஒரு குடிசை, நாலு வாத்து, ரொட்டியும் வெங்காயமும். யாரும் என் முன்னால விழக்கூடாது. இவ்வளவுதான்யா கேட்டேன், பெருசா ஒண்ணும் கேக்கலை.

மேருவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அப்போ அவனுக்கு நல்ல வயசு, தோள் எல்லாம் இப்படி. "மேரு, நான் விழப்போறேன்டா"ன்னேன். "எப்பப்பா?"ன்னான். "ஓடும்போது. நீ பக்கத்துலயே வருவே. நான் விழுந்த உடனே கிரீடத்தை எடுத்து உன் தலையில வச்சுக்க. பாக்கியை நான் பார்த்துக்கறேன்." அவன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. "சரிப்பா"ன்னான். அந்தச் சரியை நான் நம்பிட்டேன். பொறந்ததுலேருந்து எல்லாரும் எனக்குச் சரி சரின்னே சொல்லியிருக்காங்க, எது நிஜச் சரி, எது பயத்துச் சரின்னு எனக்கு எப்படித் தெரியும்?

திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னாடி மந்திரி ஹோரி என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனான். "சுவர் வேலை முடிஞ்சுது, பார்வையிடணும்"னான். பார்த்தா நான் ஓடறேன்யா! சுவர் முழுக்க நான். இருபது வயசுக் காலு, வயிறு ஒட்டிப்போயி, வாலு பின்னால பறக்குது. கீழ எழுத்து: ஓடினார், வென்றார், தெய்வங்கள் மகிழ்ந்தன. நான் ஹோரியைப் பார்த்து, "நான் இன்னும் ஓடவே இல்லையே"ன்னேன். "கல்லுல செதுக்க நாளாகுமே பிரபு, அதான் முன்கூட்டியே"ன்னான். "ஒருவேளை நான் விழுந்துட்டேன்னா?" ஹோரி சிரிச்சான். கூட வந்தவனுங்களும் சிரிச்சானுங்க. ராஜா வேடிக்கையாப் பேசறாராம்.

இனி விழுந்தும் பிரயோஜனமில்லையோன்னு தோணுச்சு. ஆனாலும் கல்லு வேற, மனுஷக் கண்ணு வேற, ஆயிரக்கணக்கான பேர் கண்ணால பார்த்ததை எப்படி மறைப்பானுங்கன்னு தைரியம் சொல்லிக்கிட்டேன்.

திருவிழா அன்னைக்கு வெயில் மண்டையைப் பிளக்குது. மேளம். ஜனங்க. வால் வேற தொடையில தட்டித் தட்டி அரிக்குது. முதல் சுத்து ஓடினேன். ரெண்டாவது சுத்து. மூச்சு வாங்குது. மேரு பக்கவாட்டுல வரான், என்னைப் பார்க்கவே மாட்டேங்கறான். சரி, இதுதான் நேரம்னு, தெக்குக் கல்லு பக்கம் காலை மடக்கினேன். நடிச்சு மெதுவா விழலாம்னுதான் நினைச்சேன். இடது முட்டி முதல்ல போயி இறங்கிச்சு பாரு, உள்ள ஏதோ படக்குன்னுச்சு. நீ பிடிக்கிறியே, அதே இடம்.

விழுந்து கிடக்கேன். மேளம் நின்னுபோச்சு. யாராவது ஐயோன்னு கத்துவாங்க, ஓடி வருவாங்கன்னு பார்த்தா, பொத்து பொத்து பொத்துன்னு சத்தம். தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். முத்தம் பூராவும் எல்லாரும் குப்புற விழுந்து கிடக்கானுங்க! பூசாரி, படைவீரன், வெளிநாட்டுத் தூதன், மேளக்காரன், எல்லாரும். ஏன்னா ராஜா தலைக்கு மேல யார் தலையும் இருக்கக் கூடாது. அது எங்க வழக்கம். நான் தரையில இருந்தா அவனுங்க தரைக்கும் கீழ போகணும். கண்ணுக்கு எட்டின மட்டும் முதுகு. மூக்குக்கு முன்னால ஒரு எறும்பு போயிக்கிட்டு இருந்துச்சு, அந்த முத்தத்துலயே நின்னுக்கிட்டு இருந்த ஜீவன் அது ஒண்ணுதான்.

ஒருத்தன்கூட நான் விழுந்ததைப் பார்க்கலை அந்துவா. பார்க்கறதுக்குள்ள விழுந்துட்டானுங்க.

மேரு மூணு முழம் தள்ளிக் கிடந்தான். மூஞ்சியை மண்ணுல புதைச்சுக்கிட்டு. "எழுந்திருடா, கிரீடத்தை எடுடா"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன். கேட்டுச்சு அவனுக்கு. காது அசைஞ்சுது. ஆனா அவன் மூஞ்சியை இன்னும் உள்ள புதைச்சான். என்னைத் தூக்கிவிடவும் ஆள் இல்லை, அனுமதி இல்லாம ராஜாவைத் தொட்டா கை போயிடும். நானா கையை ஊணி, முட்டி கொதிக்கக் கொதிக்க எழுந்தேன். நான் எழுந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்துச்சு. ஹோரி கையைத் தூக்கிக் கத்தினான் பாரு: "பார்வோன் பூமியைக் கட்டித் தழுவினார்! பூமி குளிர்ந்தது!" அவ்வளவுதான். ஜனங்க போட்ட சத்தத்துல புறா எல்லாம் பறந்து போச்சு.

இந்தக் கதையை உன்கிட்டச் சொன்னப்போ, குப்புற விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலைன்னு ஒண்ணு சொன்னியே. எனக்கு மீசை ஏது, தாடிதான், அதுவும் கட்டின தாடி. அதுல மண்ணு ஒட்டிச்சு. அந்த மண்ணையும் பூசாரிங்க சீப்பால சீவி எடுத்துப் பிரசாதமாக் குடுத்தானுங்க. வாங்கறதுக்கு அடிதடி!

அதோட போச்சா? அந்த வருஷம் பார்த்து எங்க நைல் ஆறு பொங்கிச்சு. களஞ்சியத்துல கூரை வரைக்கும் கோதுமை. எல்லாம் நான் விழுந்ததாலதானாம். மூணு வருஷம் கழிச்சு அடுத்த ஓட்டம் வந்துச்சு. போயிப் பார்க்கிறேன், தெக்குக் கல்லு பக்கத்துல நான் விழுந்த இடத்தைக் கயிறு கட்டி அடையாளம் போட்டு, மண்ணைச் சலிச்சு மெத்து மெத்துன்னு வச்சிருக்கானுங்க. விழறதுக்குன்னு தனியா ஒரு மேளம். சுவர்லயும் நான் கிடக்கிற மாதிரி புதுசா ஒண்ணு செதுக்கியாச்சு, கிடந்தாலும் வயிறு ஒட்டித்தான் இருக்கு. எனக்கு வந்துச்சே கோவம்! போங்கடான்னு நொண்டிக்கிட்டே முழு ஓட்டமும் ஓடினேன், விழவே இல்லை. ஜனங்க ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. பொம்பளைங்க தலையில மண்ணை வாரிப் போட்டுக்கறாங்க. ஆறு வராது, பிள்ளைங்க பட்டினின்னு ஒரே கூப்பாடு. நான் என்ன செய்ய? திரும்பிப் போயி, அந்த மெத்து மண்ணுல, மேளத்துக்குச் சரியா, விழுந்துட்டு வந்தேன்.

இப்படித்தான் என் ராஜ்யம். ஓடினாலும் ஜெயிச்சேன், விழுந்தாலும் ஜெயிச்சேன். தோக்கறதுக்கு ஒரு வழி இருந்தாச் சொல்லு, இந்தக் கிரீடத்தை உனக்கே தரேன். வேண்டாம்ங்கறியா? பார்த்தியா, உனக்கே வேண்டாம்.

எண்ணெய் இன்னும் கொஞ்சம் விடு. எரியட்டும், பரவாயில்லை.

மேரு கதையைக் கேளு, அது இன்னும் கொடுமை. நான் விழுந்த அன்னைக்குக் கிரீடத்தைத் தொடாதவன், அப்புறம் ஒருநாள் என்கிட்டச் சொல்லாமக் கொள்ளாம தெக்கே கோட்டைப் பக்கம் ஓடிட்டான். அங்க ஒரு கறுத்த பொண்ணு, மாடு மேய்க்கிறவங்க வீட்டுப் பொண்ணு, அவளோட மண்வீடு கட்டிக்கிட்டு இருக்கானாம். பால் கறக்கறானாம். பார்வோன் பிள்ளை! நான் விட்டுடுவேனா? வீரர்களை அனுப்பிக் கூட்டிட்டு வந்தேன். கட்டி இழுத்துக்கிட்டா வந்தேன்? தங்கக் காப்பு போட்டு, பல்லக்குல வச்சு, மரியாதையாக் கூட்டிட்டு வந்தேன். பல்லக்குக்கு வெளிய தாழ்ப்பாள் போட்டது வழியில தவறி விழுந்துடக் கூடாதேன்னுதான். கிழக்கு மாளிகை முழுக்க அவனுக்கு. குளம் இருக்கு, வாத்து வாங்கி விட்டிருக்கேன். என்ன குறை? என்கிட்டப் பேசி எத்தனையோ காலம் ஆச்சு. நான் போனா எழுந்து நிக்கிறான், சுவரைப் பார்க்கிறான். நன்றி கெட்ட பிள்ளை. அப்பன் படற கஷ்டத்தைப் பிள்ளை கொஞ்சம் புரிஞ்சுக்க வேண்டாமா?

அந்தப் பொண்ணு கோட்டை வாசல்ல வந்து தினமும் உட்கார்ந்திருக்காம், இவன் திரும்பி வருவான்னு. எனக்குச் சொன்னாங்க. பாவமாத்தான் இருந்துச்சு. காத்துக்கிட்டு இருக்கிறது இருக்கே அந்துவா, அது பொல்லாதது. மேருவும் நான் எப்போ சாவேன்னு காத்துக்கிட்டு இருக்கான். நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். யாரும் யாரையும் காக்க வைக்கக் கூடாதுன்னு அன்னைக்கே மனசுல ஒரு முடிவு எடுத்தேன்.

அதுக்கு நடுவுலதான் நீ வந்தே. முட்டி வீங்கிப் பூசணிக்காய் மாதிரி இருந்துச்சு. எங்க வைத்தியனுங்க முதலைக் கொழுப்பைத் தடவினானுங்க, மந்திரம் போட்டானுங்க. என்னைத் தொடாம, கோலு நுனியில துணியைக் கட்டித் தடவுவானுங்க. துறையில மிளகு விக்க வந்த ஒருத்தன் கால் பிடிச்சுவிட்டா முடவன் நடக்கறான்னு யாரோ சொன்னதுல உன்னைக் கொண்டாந்தாங்க. நீ வந்தே, உட்கார்ந்தே, யாரையும் கேக்காம என் முட்டியைக் கையில எடுத்து மடியில வச்சுக்கிட்டே. காவல்காரனுங்க ஈட்டியை ஓங்கிட்டானுங்க. நான் கையைத் தூக்கி நிறுத்தினேன். நூபு போனப்புறம் மனுஷக் கை என் மேல பட்டது அன்னைக்குத்தான்யா. அழுகை வந்துடுச்சு. வலியாலன்னு நீ நினைச்சே, இன்னும் அழுத்தினே.

ரெண்டு மாசம் இருந்துட்டுப் போன்னு சொன்னேன். ஆமாம், சொன்னேன், இல்லைன்னு சொல்லலை. அப்புறம் நீ கேட்டப்போ ஆறு வரட்டும்னேன். ஆறு வந்ததும் அறுவடை ஆகட்டும்னேன். அப்புறம் ஓட்டம் வந்துடுச்சு, முட்டி இல்லாம எப்படி ஓடறது, எப்படி விழறது? ஒவ்வொரு தடவையும் காரணம் இருந்துச்சா இல்லையா? நானா வேணும்னு நிறுத்தினேனா?

நீயும் ஒருநாள் தோட்டத்துல தனியா உட்கார்ந்து உனக்குள்ளயே பேசிக்கிட்டு இருந்தே. அடப்பாவமே, பேச்சுத் துணைக்கு ஆளில்லாம ஒருத்தன் தவிக்கிறானேன்னு எனக்கு மனசு பொறுக்கலை. அதனாலதான் இந்த வயசுல உன் பாஷையைக் கத்துக்கிட்டேன். உனக்காகத்தான். எந்த ராஜா செய்வான் இதை?

சரி, சரி, உன் விஷயத்துக்கு வரேன். சுத்தி வளைக்கலை.

உன் பொண்ணு அங்க அப்பன் வரட்டும், அப்பன் வரட்டும்னு நிக்குது. மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு நாள் பொறுப்பாங்க? கோட்டை வாசல்ல உட்கார்ந்திருக்கிற பொண்ணை நினைச்சேன், உன் வெண்ணியை நினைச்சேன். தூக்கமே இல்லை. கடைசியில முடிவு பண்ணினேன். உனக்குச் சேதி கொண்டுவந்தானே உங்க ஊர்க்காரன், அவன் துறைக்குத் திரும்பறதுக்கு முன்னாடி அவனைக் கூப்பிட்டேன். தந்தச் சீப்பு, மெல்லிசுத் துணி நாலு பொதி, தங்க மணி, நீலக் கல் வச்ச கழுத்துச் சரம், எல்லாம் குடுத்தேன். உங்க ஊர்ல எந்தப் பொண்ணும் இப்படிச் சீர் வாங்கியிருக்க மாட்டா. சந்தோஷம்தானே? துறையிலேருந்து ஆள் வந்து சொல்லிட்டான், கப்பல் கிளம்பியாச்சு. நல்ல காத்தாம்.

ஏன் கையை எடுத்துட்டே?

முழுசாக் கேளு. அவசரப்படாதே. நீ இல்லாம சீர் மட்டும் போனா அந்தப் பொண்ணு இன்னும் காத்திருக்கும்தானே? அதையும் யோசிச்சேன். ஒண்ணையும் விடலை நான். நீ செத்துப்போயிட்டேன்னு சொல்லச் சொல்லியிருக்கேன். அவன் முதல்ல மாட்டேன்னான். எங்க ஆளுங்க ரெண்டு பேர் பக்கத்து அறைக்குக் கூட்டிட்டுப் போயி எடுத்துச் சொன்னாங்க, வந்து சரின்னுட்டான். கேவலமான சாவு இல்லைய்யா. பார்வோனை முதலைகிட்டேருந்து காப்பாத்தப் போயி செத்தான்னு சொல்லச் சொன்னேன். உன் இடுப்புக் கச்சையைக் காணோம் காணோம்னு தேடினியே, உன் சம்சாரம் ஓரம் தைச்சுக் குடுத்தது, நான்தான் எடுத்துக் குடுத்தனுப்பினேன். அடையாளம் காட்டினாத்தானே நம்புவாங்க.

அழும். ஒரு மாசம், ரெண்டு மாசம் அழும். அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கட்டிக்கும், பிள்ளை பெத்துக்கும், உன் பேரை வைக்கும். நம்ம ரெண்டு பேரை மாதிரி இல்லாம அது ஒருத்தியாவது விடுதலையா இருக்கட்டும். நீ போயிருந்தாலும் இதைவிட என்ன செஞ்சிருப்பே, சொல்லு?

இதைத்தான் சபையில வச்சுச் சொல்ல முடியலை. உன் பாஷையில, உன் பக்கத்துல உட்கார்ந்து சொல்லணும்னுதான் இருந்தேன்.

அந்துவா.

இப்படிப் பார்க்காதேய்யா. மேரு பார்க்கிற மாதிரியே பார்க்கிறே. நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? அழணும்னா அழு. இல்லை, என்னைத் திட்டணும்னா திட்டு. அன்னைக்குத் துறையில மூட்டையைத் தண்ணியில போட்டவனை ஒரு திட்டுத் திட்டினேன்னு சொன்னியே, அந்த மாதிரித் திட்டு. பாழாப் போறவனேன்னு சொல்லு, உன் வம்சமே அத்துப்போகும்னு சொல்லு. வெக்கப்படாதே. இங்க யாருக்கும் ஒரு எழுத்துப் புரியாது, எனக்குத்தான் புரியும்.

ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுய்யா.